வீட்டுக்குள் வைத்த பட்டப்பேர்

அக்கா பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டால் தங்கச்சி மிக்ஸி போடக் கூடாது. குழாயைச் சர்ரென்று திறக்கக் கூடாது. செருப்பைத் தரையில் தேய்த்து நடக்கக் கூடாது. கதவுக்கு அடியில் இருக்கும் சந்தில் அக்கா ஒரு பழைய துண்டைச் சுருட்டி அடைத்திருப்பாள். வெளிச்சத்தம் உள்ளே போகாமலிருக்கத்தான் அது என்று தங்கச்சி நினைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே பேசுவது வெளியே வராமலிருக்கத்தான் என்று அக்கா சொல்வாள்.

அக்காவுக்குக் கவுன்சிலிங் வேலை. மனசு சரியில்லாதவர்கள் வீடியோவில் அவளிடம் வருவார்கள். குழந்தைகளை அவள் பார்ப்பதில்லை. எல்லாரும் வளர்ந்தவர்கள்தான். கல்யாணம் ஆனவர்கள், ஆகாதவர்கள், வேலைக்கு ஓடுகிறவர்கள், எழுந்து பல் துலக்கவே தெம்பில்லாதவர்கள். சிலர் நிறுத்திவைத்த காருக்குள் உட்கார்ந்து பேசுவார்கள். ஒருத்தர் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பேசுவார். அவரவர் வீட்டில் அவரவர் தனியாக அழுவதற்கு ஓர் இடம் கிடைப்பது எத்தனை பாடு என்று அந்தச் சின்னத் திரை வழியாகத்தான் அக்காவுக்குத் தெரிந்தது.

அதற்கு முன்னால் அவள் ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார் கேட்கும் போனில் உட்கார்ந்திருந்தாள். திட்டு வாங்குவதுதான் வேலை. மெஷின் சுற்றவில்லை என்று கத்த ஆரம்பிக்கிற சிலபேர் கொஞ்ச நேரத்தில் வேறு எதற்கோ அழுவார்கள். கூட இருக்கிற பெண்கள் அந்த மாதிரி அழைப்புகளைச் சட்டென்று வெட்டிவிடுவார்கள். இவள் "ம்" கொட்டிக்கொண்டு கேட்பாள். மேலாளரிடம் பேச்சு வாங்குவாள். பிறகு சாயங்கால வகுப்பில் சேர்ந்து படித்தாள், ஒரு ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்தாள், ஒரு கவுன்சிலிங் நிறுவனத்தில் சேர்ந்து வீட்டுப் பின்னறையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டாள். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே சாயம் போன பைஜாமா.

"மேல மேனேஜரு, கீழ வாட்ச்மேனு" என்பாள் தங்கச்சி.

"கேமரால வாட்ச்மேன் தெரிய மாட்டான், போடி."

தங்கச்சி ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருக்கிறாள். பிற்பகலில்தான் அவளுக்கு வேலை. அக்காவும் தங்கச்சியும் மட்டும் இருக்கிற வீடு அது. பேசுவதற்கு ஒருத்திக்கு ஒருத்திதான். சாப்பிடும்போது தங்கச்சி வாய் திறந்து கிடந்தவர்களின் கதையெல்லாம் சொல்வாள். அக்கா எதையும் சொல்ல முடியாது. பேர் சொல்லக் கூடாது, ஊர் சொல்லக் கூடாது, வேலையைக்கூடச் சொல்லக் கூடாது. ஆனாலும், இன்றைக்கு யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு வீடு அமைதியாக இருக்க வேண்டும் என்று சொல்லித்தானே ஆக வேண்டும்? அப்படித்தான் பட்டப்பேர்கள் வந்தன. பூட்டிய கதவைத் திரும்பத் திரும்பப் போய் இழுத்துப் பார்க்கிற பெண் 'சாவி'. வாளிமேல் உட்காருகிறவர் 'வாளி'. பேரைச் சொல்லாமல் இருப்பதற்கு இது நல்ல வழி என்று அக்கா நினைத்தாள். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள்.

'கத்தி' அப்படி வந்தவர்தான்.

அவர் ஒரு சலூன்காரர். சின்னக் கடை. நாற்காலிக்கு முன்னால் ஒரு கண்ணாடி, பின்சுவரில் ஒரு கண்ணாடி. மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, போனை முன்கண்ணாடியில் பவுடர் டப்பாவை முட்டுக்கொடுத்து நிறுத்தி, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பேசுவார். பின்கண்ணாடியில் அவர் முதுகு தெரியும். முதுகுக்கு அப்பால் முன்கண்ணாடி தெரியும். அதற்குள் இன்னொரு அவர், அதற்கும் உள்ளே இன்னும் சின்னதாக ஒருவர். எங்கேயோ கடைசியில் போன் வெளிச்சத்தில் கடுகு மாதிரி அக்காவின் முகமும் இருக்கும்.

முதல் முறை அக்கா வழக்கம்போலக் கேட்டாள். "தனியா இருக்கீங்களா சார்? யாராவது வந்துட்டா எப்படி எனக்குக் காட்டுவீங்க?"

"காதைத் தொடுறேன். சார்னு கூப்பிடாதீங்க மேடம். பின்னாடி யாரோ நிக்கிற மாதிரி இருக்கு. பேர் சொல்லியே கூப்பிடுங்க." கொஞ்ச நேரம் சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர் கேட்டார். "உங்க பக்கம் யாராவது இருக்காங்களா?"

"நான் மட்டும்தான். இந்தக் கதவத் தாண்டி எதுவும் போகாது."

அந்த வார்த்தையை நம்பித்தான் அவர் பேசினார். உடனே இல்லை. முதலில் கை நடுங்குகிறது என்றார். அப்புறம் தூக்கம் வரவில்லை என்றார். பல வாரம் சுற்றி வந்து கடைசியில் ஒருநாள், கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். சவரத்துக்கு வந்தவர் நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கழுத்தைக் காட்டுகிற நேரத்தில், 'வெட்டிவிடு' என்று ஒரு நினைப்பு வருகிறது. யார் மேலும் கோபம் இல்லை. வருகிறவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள், பேசிச் சிரிக்கிறவர்கள். இருந்தும் வருகிறது. அப்பாவுக்குச் சவரம் செய்யும்போதும் வந்தது. அன்றிலிருந்து சவரக்கத்தியைத் தொடவில்லை. மிஷினால் முடி மட்டும் வெட்டுகிறார். "கத்தி பழுது" என்று எல்லாரிடமும் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"நான் கொலைகாரனா மேடம்?"

அக்கா கேட்க வேண்டியதையெல்லாம் நிதானமாகக் கேட்டாள். பிறகுதான் சொன்னாள். வேண்டாத நினைப்பு எல்லார் மண்டைக்குள்ளும் வந்து போகும். மாடியில் நிற்கிறவனுக்குக் குதித்துவிடுவோமோ என்று தோன்றும், கைக்குழந்தையைத் தூக்கி நிற்கிறவளுக்குக் கீழே போட்டுவிடுவோமோ என்று தோன்றும். பலருக்கு அது வந்த வழியே போய்விடும். சிலர் அதைப் பிடித்துவைத்துக்கொண்டு, இது ஏன் வந்தது, நான் எப்படிப்பட்டவன் என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். விசாரிக்க விசாரிக்க அது வளரும். இதற்கு வைத்தியம் இருக்கிறது. ஒரு டாக்டரையும் பாருங்கள் என்றாள். அவர் கேட்டுவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பின்கண்ணாடியில் அத்தனை முதுகுகளும் குலுங்கின.

அன்றைக்குக் கதவைத் திறந்துகொண்டு வந்த அக்கா மிகவும் களைத்திருந்தாள். தங்கச்சி தட்டை வைத்தாள். "கத்திக்கு என்னதான்க்கா பிரச்சினை? அவர் வந்துட்டுப் போனாலே உன் மூஞ்சி இப்படி ஆயிடுது?" என்றாள். அக்காவுக்கு எங்கேயாவது இறக்கிவைத்தால் போதும் என்று இருந்தது.

"பாவம்டி. ஆளுங்க கழுத்தப் பாத்தாலே வெட்டிடுவோமோன்னு பயம் அவருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள். சொன்னது கதவைத் தாண்டிவிட்டது என்பது அப்போது அவளுக்கு உறைக்கவே இல்லை. பேர்தான் சொல்லவில்லையே!

அதன் பிறகு சலூன்காரருக்கும் அக்காவுக்கும் வேலை நன்றாக நடந்தது. முதலில் கத்தியை வெறுமனே கையில் பிடித்துக்கொண்டு பேசுவது. அடுத்து, அதை விரித்து வைத்துக்கொண்டு பேசுவது. நினைப்பு வந்தால் விரட்டவும் கூடாது, விசாரிக்கவும் கூடாது. "வந்தவன் வரட்டும். உக்காரச் சொல்லாதீங்க, கழுத்தப் பிடிச்சும் தள்ளாதீங்க. நீங்க உங்க வேலையப் பாருங்க" என்பாள். பிறகு ஒருநாள் அவரே சொன்னார். தொழில் பழகும்போது பலூனை ஊதி, நுரை தடவி, உடையாமல் வழிக்கச் சொல்லிக் கொடுப்பார்களாம்.

"அதச் செய்யலாமா மேடம்?"

"ஏன் கூடாது? எனக்கும் பாக்கணும்போல இருக்கு."

சிவப்பு பலூன். நாற்காலியின் தலைசாய்ப்பில் கட்டி, பிரஷ்ஷால் நுரை அடித்துத் தடவினார். கத்தியை விரித்தார். "வருது மேடம்" என்றார். "வரட்டும்" என்றாள் அக்கா. நெற்றி வியர்க்க வியர்க்க, ஓரத்திலிருந்து நுரையை வழித்துக்கொண்டே வந்தார். பாதியில் அவர் கை நின்றது. மறுபடி நகர்ந்தது. கடைசி நுரையும் போனபோது பலூன் பளபளவென்று முழுசாக நின்றது. அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துத் திரைக்குக் காட்டிச் சிரித்தார். அவர் சிரித்து அக்கா பார்த்ததில்லை. முன்பல் ஒன்றில் ஓரம் உடைந்திருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அக்காவுக்கு ஒரு பழக்கம். பேச்சு முடிந்ததும் அவள் முதலில் துண்டிக்க மாட்டாள். வந்தவர்கள் போகட்டும் என்று காத்திருப்பாள். வீட்டுக்கு வந்தவர் படி இறங்குமுன் அவர் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்துவது போல இருக்குமாம் அது. அன்றைக்கு, "அடுத்த வாரம் பாக்கலாம்" என்று சொன்னாள். அவரும் சொல்லிவிட்டு, நுரை வழியும் கையோடு திரைக்கு வெளியே போனார். அவர் துண்டித்துவிடுவார் என்று இவள் நினைத்தாள். இவள் துண்டித்திருப்பாள் என்று அவர் நினைத்தார். காதிலிருந்த ஒயரைக் கணினியிலிருந்தும் பிடுங்கி வைத்துவிட்டு அக்கா எழுந்து கதவைத் திறந்தாள்.

தங்கச்சி வாசலிலேயே நின்றிருந்தாள், வேலைக்குக் கிளம்பிய கோலத்தில்.

"என்ன, கத்தி கெளம்பியாச்சா? இன்னைக்கு யாரு கழுத்து?"

அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் வாய் திறந்தது.

"பலூனு! இன்னைக்கு பலூன் கழுத்து தப்பிச்சிடுச்சு!"

தங்கச்சி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "பாத்துக்கா, அடுத்து பூசணிக்காய் வருதோ என்னமோ!" அக்காவும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

மேசைமேலிருந்து டப்பா ஒன்று விழுந்து உருளும் சத்தம் வந்தது. தங்கள் மேசையில் டப்பா எதுவும் இல்லையே என்று அக்கா திரும்பினாள்.

திரையில் சலூன்காரர் நின்றுகொண்டிருந்தார். கையில் துண்டு. அவர் இங்கே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு விரல் பெரிதாகத் திரையை நோக்கி வந்தது. திரை கறுத்தது.

தங்கச்சியின் முகத்தில் ஈயாடவில்லை.

"கேட்டிருப்பாராக்கா?"

அக்கா உட்கார்ந்து அவரைத் திரும்ப அழைத்தாள். எடுக்கவில்லை. செய்தி எழுதலாம் என்று தட்ட ஆரம்பித்தாள். எழுதி எழுதி அழித்தாள். 'நீங்கள் கேட்டது உங்களைப் பற்றியது இல்லை, நாங்கள் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தோம்' என்று ஒரு வரி வந்து நின்றது. தங்கச்சி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இதையே அனுப்பிடுக்கா. அவருக்கும் மனசு நோகாது."

அக்கா அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நல்ல வரி. அவர் நம்பக்கூடச் செய்வார். தன்மேலேயே சந்தேகப்பட்டுப் பழகிய மனுஷன், நமக்குத்தான் காது சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். அதனாலேயே அந்த வரியை அழித்துவிட்டு, 'நீங்கள் கேட்டது உங்களைப் பற்றித்தான். நான் செய்தது தவறு. உங்கள் நேரத்தில் நான் இங்கே இருப்பேன்' என்று எழுதி அனுப்பினாள். அனுப்பிய பிறகு பட்டனைத் தொட்ட விரலைக்கூடப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அவளுடைய வேலையைக் கவனிக்கிற டாக்டரம்மா ஒருத்தி உண்டு. அக்காவைவிட வயதில் சின்னவள், வெடுக்கென்று பேசுகிறவள். அவளிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். தட்டில் சோறு பிசைந்த அன்றைக்கு வாய்விட்டதிலிருந்து. டாக்டரம்மா ஒன்றே கேட்டாள்.

"கால் கட் ஆகாததுதான் தப்புன்னு நெனைக்கிறீங்களா?"

"இல்லைங்க. அது கட் ஆகியிருந்தா நான் இன்னும் சிரிச்சுக்கிட்டுதான் இருந்திருப்பேன்."

"ம். எழுதிக் குடுங்க. நிர்வாகத்துக்கும் தெரியணும். அவர் வந்தா மன்னிப்புக் கேளுங்க. ஆனா அவர்கிட்டருந்து மன்னிப்ப வாங்கிட்டு வரணும்னு உக்காராதீங்க. உங்க மனச ஆத்துறது அவர் வேலை இல்ல."

எத்தனையோ வருஷம் அடுத்தவர் புகாரை எழுதிய கை அக்காவுக்கு. தன்மேல் தானே ஒரு புகாரை எழுதுவது அதுதான் முதல் முறை. எழுதிக் கொடுத்தாள். புது ஆட்களைக் கொஞ்ச நாள் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பழையவர்கள் வந்தார்கள். கதவை இழுத்துப் பார்க்கிற அந்தப் பெண் திரையில் வந்து, "போன வாரம் ஒரே தடவைதான் திரும்பிப் போய்ப் பாத்தேன்" என்று ஆசையாகச் சொன்னபோது, 'சாவி' என்ற சொல் இருவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டது. அக்கா அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்து ஏதோ குறிப்பெடுப்பதுபோல் பாவனை செய்தாள். ஒவ்வொருவரையும் அவள் எத்தனை நாளாக இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்!

வீட்டில் பேச்சு குறைந்தது. தங்கச்சி ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே முதுகைக் காட்டிச் சொன்னாள். "நான் கேட்டதுனாலதானே நீ சொன்ன."

"நீ கேப்ப. சொல்லாம இருக்கிறதுதான்டி எனக்கு வேலை."

சலூன்காரரின் நேரம் வந்தால் அக்கா பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, துண்டை அடைத்து, திரையைத் திறந்துவைத்து உட்காருவாள். திரையில் அவள் முகம் மட்டும் இருக்கும். முழு நேரமும் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது சும்மா இல்லை. அன்றைக்குச் சிரித்த வாய் இதுதான், இந்தப் பல்தான் என்று தோன்றும். கைபேசியை நோண்ட மாட்டாள். தண்ணீர் குடிக்க எழ மாட்டாள். நேரம் முடிந்ததும் வெளியே வருவாள். தங்கச்சி எதுவும் கேட்க மாட்டாள்.

அப்படிச் சில வாரம் போன பிறகு ஒருநாள் திரை இரண்டாகப் பிரிந்தது. மறுபாதியில் ஒரு மின்விசிறி தெரிந்தது. போனை மல்லாக்க வைத்திருந்தார். ஆள் தெரியவில்லை.

அக்கா அவர் பேரைச் சொல்லி, "வணக்கம்" என்றாள்.

"எனக்கு என்ன பேரு வச்சிருந்தீங்க?" என்றது குரல். "சரியா காதுல விழல."

விழுந்திருக்கும். இவள் வாயால் கேட்க வேண்டும் அவருக்கு.

"கத்தி."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"மத்தவங்களுக்கு?"

"அதச் சொல்ல மாட்டேன். அவங்க பேர வேற ஒருத்தர்கிட்ட இனிமே சொல்ல மாட்டேன்."

"என்னோடத மட்டும் சொல்லலாமாக்கும்."

"சொல்லியிருக்கக் கூடாது. நீங்க கண்ண மூடிட்டுச் சொன்னத நான் சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உக்காந்து சொன்னேன். அப்புறம் சிரிச்சேன். உங்ககிட்ட, இந்தக் கதவத் தாண்டாதுன்னு சொன்னதும் நான்தான். என்னை மன்னிக்கணும்னு கேக்கல. நான் செஞ்சது இதுதான்னு நானே சொல்லணும், அதான்."

அவர் சொன்னார். "அன்னைக்கு ஒருத்தர் சவரத்துக்கு வர்றதா இருந்தாரு. ரொம்ப நாள் கழிச்சு நானே வரச் சொல்லியிருந்தேன், உங்ககிட்டக்கூடச் சொல்லல. செஞ்சு முடிச்சுட்டு அடுத்த வாரம் சொல்லலாம்னு. வந்தாரு, தலைய சாய்ச்சாரு. அந்த நினைப்பு வந்தா உக்காரச் சொல்லாதீங்கன்னு சொன்னீங்கல்ல? சமாளிச்சிருப்பேன். ஆனா அது கூடவே உங்க சிரிப்பும் வந்துச்சு. அதுக்கு என்ன செய்யணும்னு நீங்க சொல்லிக் குடுக்கல. கத்தி மழுங்கிடுச்சுன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அக்காவுக்கு எங்காவது போய் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. இங்கே அழுதால் அதையும் அவர்தான் தேற்ற வேண்டிவரும் என்று நகத்தால் உள்ளங்கையை அழுத்திக்கொண்டாள்.

"உங்ககிட்ட இனிமே முடியாது மேடம்."

"சரி."

"ஆனா விட்டுடவும் முடியாது. ராத்திரி தூக்கம் திரும்பப் போயிடுச்சு. வேற யாராவது இருந்தா சொல்லுங்க."

"இருக்காங்க. நல்லவங்க. நானே பேசி ஏற்பாடு பண்றேன்."

"ஒண்ணு மட்டும்." முதன்முறையாக அந்தக் குரல் தழுதழுத்தது. "அவங்ககிட்ட போய் முதல்லேருந்து அத என் வாயால திரும்பச் சொல்ல என்னால ஆகாது. எத்தனை வாரம் ஆச்சு அதச் சொல்ல, உங்களுக்கே தெரியும். நீங்க சொல்லுங்க. நான் கேட்டுட்டு இருக்கேன். தப்பா சொன்னா காதைத் தொடுறேன்."

அடுத்த வாரம் திரை மூன்றாகப் பிரிந்தது. ஒன்றில் அக்கா. ஒன்றில் புதிதாக வந்த கவுன்சிலர், காதோரம் நரைத்த ஒரு மனிதர். மூன்றாவதில் சலூன்காரர். இந்த முறை போன் நிமிர்ந்து நின்றது. முகம் மெலிந்திருந்தது. நாற்காலியின் தலைசாய்ப்பில் காற்று இறங்கிச் சுருங்கிய பலூன் இன்னும் கட்டியே கிடந்தது.

அக்கா பைஜாமா போடவில்லை அன்றைக்கு. யாருக்கும் தெரியப்போவதில்லை, ஆனாலும் வெளியே போகிறவளைப் போல முழுதாக உடுத்தியிருந்தாள். அவர் பேரைச் சொல்லித் தொடங்கினாள். அவர் எத்தனை நல்ல தொழில்காரர் என்று சொன்னாள். கழுத்தைப் பார்க்கும்போது வரும் நினைப்பைச் சொன்னாள். அப்பாவுக்குச் சவரம் செய்த அன்று நடந்ததைச் சொன்னாள். முன்பு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அரை வாக்கியத்தில் சொல்லி முடித்ததை இப்போது சொல்லச் சொல்லத் தீரவில்லை, அவ்வளவு இருந்தது அதற்குள். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர் கையைப் பார்த்துக்கொண்டாள். கை மடியிலேயே இருந்தது.

பலூன் வரை வந்து நிறுத்தினாள். அப்புறம், "அன்னைக்கு நான் ஒரு தப்புப் பண்ணேன்" என்று ஆரம்பித்துப் பட்டப்பேர், கேலி, சிரிப்பு எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் புதிய கவுன்சிலர் முகத்தில் எதையும் காட்டவில்லை. அக்காவின் காது மடல்கள் எரிந்தன. ஒரே ஒரு முறை, "வாய் தவறிச் சொல்லிட்டேன்" என்று வந்துவிட்டது. சலூன்காரர் காதைத் தொட்டார்.

அக்கா நிறுத்தினாள். "வாய் தவறல" என்று திருத்தினாள். "சொன்னேன்."

அவர் கையைக் கீழே இறக்கினார்.

"இனி நாங்க பேசுறோம்" என்றார் புதியவர் மெதுவாக. சலூன்காரர் அக்காவைப் பார்த்தார். நன்றி என்றும் சொல்லவில்லை, போய்வாருங்கள் என்றும் சொல்லவில்லை. காத்திருந்தார். அவள் போவதற்காகத்தான் காத்திருக்கிறார் என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. எப்போதும் கடைசியாகப் போகிறவள் அவள்.

"வர்றேன்" என்று சொல்லவந்து, அது பொருந்தாது என்று வாயை மூடிக்கொண்டாள். அவர் பேரைச் சொல்லிக் கும்பிட்டாள். சிவப்புப் பட்டனை அழுத்தினாள். திரை கறுத்தது. கறுத்துவிட்டதா என்று குனிந்து பார்த்தாள். கணினியை மூடினாள், ஒயரைப் பிடுங்கினாள். பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள் இப்போது. ஒரு சொல்கூட அவள் காதில் விழாது.

கதவைத் திறந்தபோது தங்கச்சி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். வாய் திறந்து, ஏதோ கேட்க வந்து, ஒரு தலையணை உறையை எடுத்து உதறினாள்.

அக்கா எதிரில் உட்கார்ந்து அந்த உறையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.